ஊரில் ஏழே வக்கீல்கள்

அந்த ஊரில் மூக்குக்கண்ணாடி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவள் தேய்த்துப் பொருத்திய லென்ஸ் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். கடைத்தெரு முனையில் இருந்த கண்ணாடிக் கடையில் முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். பின்பக்கம், ஒரு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் அவள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். லென்ஸின் ஓரம் ஒரு மயிரிழை கூடினால் பிரேமில் ஏறாது, ஒரு மயிரிழை குறைந்தால் கழன்று விழும். அந்த மயிரிழை அவள் விரலுக்குத் தெரியும். ஊர் அவளைக் கண்ணாடியக்கா என்றது. நாற்பத்தாறு வயதில், தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

அவள் கணவருக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது: ஃபைல்சார். கோர்ட்டில் கிளார்க். யார் என்ன மனு கொண்டுவந்தாலும் அவர் ஜன்னலில்தான் நீட்ட வேண்டும். அவர்தான் பிழை பார்ப்பார், எண் போடுவார், எந்த ஃபைல் எந்தத் தேதியில் நீதிபதியின் மேசைக்குப் போக வேண்டும் என்று அடுக்குவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி அவர். ஆனால் கைநீட்டி ஒரு டீ வாங்கிக் குடிக்காத பூசாரி. எல்லோரிடமும் சிரித்த முகம். கிழவிகளுக்கு எழுந்து நாற்காலி போடுவார். "ஃபைல்சார் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்" என்று கண்ணாடி வாங்க வருகிற பெண்கள் அவளிடம் சொல்லாத வாரம் கிடையாது. அவள் திருகாணியை முறுக்கிக்கொண்டே "ம்" என்பாள்.

அந்த மனுஷர் அவளோடு பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாள் வீட்டுக்கு அவருடைய அலுவலக நண்பர்கள் வந்திருந்தார்கள். வேலைக்கான தேர்வில் தான் முதலாவதாக வந்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்தவள் சும்மா இராமல், "முதலாவதா? ரெண்டாவதுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க" என்று சிரித்துவிட்டாள். நண்பர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து வாயை மூடியவர்தான். முதலில் இரண்டு நாள் கோபம் என்று நினைத்தாள். பிறகு இரண்டு மாதம். மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், கத்தினாள், தானும் பேசாமல் இருந்து பார்த்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அவர் பேச்சுக்குப் பதிலாகக் காகிதத்தைக் கண்டுபிடித்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கோர்ட்டில் மனுவைத் திருப்பி அனுப்பும்போது எழுதுகிற அதே குண்டு குண்டான கையெழுத்தில், சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. "உப்பு அதிகம். திருத்தவும்." "சட்டை இஸ்திரி சரியில்லை. மறுபடி செய்யவும்." "ஞாயிறு வெளியே செல்கிறேன். சாப்பாடு தேவையில்லை."

மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. அவள்தான் நடுவில் தபால் பெட்டி. "அம்மாகிட்ட சொல்லு", "அப்பாகிட்ட கேளு" என்று இரண்டு பக்கமும் ஓடியே வளர்ந்தாள். நர்ஸ் படிப்பு முடித்து, தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனபோது, வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நான் போயிட்டா இந்த வீட்டுல யாரும்மா பேசுவாங்க?" என்றாள். அம்மா அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மகள் போன நான்காவது மாதம் கண்ணாடியக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கி, எழ முடியாமல் தரையில் கிடந்து கூப்பிட்டாள். அவர் வந்தார். கதவருகே நின்று பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். பக்கத்து வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது: "அம்மா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. எங்க வீட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க. நீங்க கொஞ்சம் வந்து பிடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்." தேன் வடிகிற குரல். அந்தக் குரலை ஒன்பது வருடமாக அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டம்மா அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "எவ்வளவு பதறிப் போயிட்டார் பாரு!" என்றாள்.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டு: "குளியலறைத் தரை ஈரம். இனிக் கவனிக்கவும்."

வீங்கிய காலோடு அதன் முன்னால் நின்று படித்தாள். அழுகை வரவில்லை. ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஊரில் மொத்தம் ஏழு வக்கீல்கள். அவர்களில் ஆறு பேருக்குக் கண்ணாடி போட்டவள் அவள்தான். இதைவிடச் சுலபமான காரியம் உண்டா என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

முதலில் கோர்ட்டுக்கு எதிரே இருப்பதிலேயே பெரிய போர்டு வைத்திருந்த வக்கீலிடம் போனாள். அவள் வாயிலிருந்து டைவர்ஸ் என்ற வார்த்தை வந்ததுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான் சார்."

பேனா காகிதத்தைத் தொட்டு, அங்கேயே நின்றது. "நம்ம ஃபைல்சாரா?"

"ஆமா சார்."

அவர் பேனாவை மெதுவாக மூடினார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. விவரமா பேசலாம். நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நான் பார்த்துக்கறேன் என்ற அந்த இரண்டு வார்த்தையை மூன்று நாள் சுமந்துகொண்டு திரிந்தாள். சனிக்கிழமை முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, தலையை நன்றாக வாரி, சொல்ல வேண்டியதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்தால் வக்கீலின் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் கணவர்.

அவளைப் பார்த்ததும் எழுந்தார். மற்ற நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாம்மா, உட்காரு. கால் எப்படி இருக்கு?"

ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு. வேறொரு மனிதரின் அறையில், வேறொரு மனிதருக்குக் கேட்பதற்காகப் பேசிய பேச்சு. அவளுக்குக் காது அடைத்தது.

வக்கீல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். "பார்த்தீங்களா? எவ்வளவு தன்மையா பேசறார். இவரைப் போயி… குடும்பம்னா நாலு இருக்கும்மா. பொம்பளைங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"இவர் என்கிட்ட பேசி ஒன்பது வருஷம் ஆச்சு சார்."

"இப்ப பேசினாரே!"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வக்கீலைப் பார்த்து, மனைவியின் அறியாமைக்காக வருத்தப்படுகிறவர் போல லேசாகத் தலையசைத்தார். அவள் உட்காரவே இல்லை. வந்த வழியே இறங்கி, கடைக்கு வந்து, தடுப்புக்குப் பின்னால் இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் சத்தத்துக்குள் வாய்விட்டு நாலு கெட்ட வார்த்தை சொன்னாள். வீடு திரும்பியபோது சீட்டு தயாராக இருந்தது: "வக்கீல் அலுவலகம் சென்றதற்கான காரணம் எழுத்தில் தெரிவிக்கவும்."

அந்தச் சீட்டைக் கிழிக்கப் போனவள் நிறுத்தினாள். கிழிக்காமல், பழைய சீட்டுகளைப் போட்டு வைத்திருந்த பிரேம் டப்பாவிலேயே போட்டாள். எதற்காக அவற்றைச் சேர்த்து வைத்திருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆரம்பத்தில், கோபம் தணிந்த பிறகு இருவரும் சேர்ந்து படித்துச் சிரிக்கலாம் என்று வைத்தாள். பிறகு பழக்கமாகிவிட்டது.

இரண்டாவதாக ஒரு பெண் வக்கீலிடம் போனாள். பெண்ணுக்குப் பெண் புரியும் என்று நம்பினாள். புரியத்தான் செய்தது. அந்த அம்மா முழுக் கதையையும் கேட்டுக் கண் கலங்கினாள். "நான் எடுக்கறேன்க்கா. இதெல்லாம் கேட்டுட்டு எப்படி சும்மா இருக்கறது?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் போனபோது வெளியூர் போயிருந்தாள். அதற்கடுத்த வாரம் காய்ச்சல். பிறகு போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஐந்தாவது வாரம் கண்ணாடியக்கா கோர்ட் வாசலிலேயே காத்திருந்து பிடித்தாள்.

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளைப் படிக்கட்டின் அடிப்பக்கம் இழுத்துப் போனாள். "அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். என்னோட நாற்பது கேஸ் உங்க வீட்டுக்காரர் அலமாரியில இருக்கு. அவர் ஒண்ணுமே செய்ய வேணாம். ஒரு ஃபைலை எடுத்து அடியில வச்சார்னா போதும், ஆறு மாசம் மேல வராது. என்னை நம்பி இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவளைத் திட்டவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர்களிடம் தோற்றால் ஓர் ஆறுதல் உண்டு. இந்த ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள்.

மற்றவர்களிடமும் போகாமல் இல்லை. ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு, "அவர் அடிச்சாரா? குடிச்சாரா? வேற தொடர்பு ஏதாவது?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும், மருந்தில்லாத நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்தார். "ஒரு அறை அறைஞ்சிருந்தாக்கூட ஏதாவது செய்யலாம்மா" என்று அங்கலாய்த்தார். இன்னொருவர் அவளை உள்ளே விடாமலே, வாசலில் வைத்துத் தன் கண்ணாடி மூக்கில் நழுவுகிறது என்று கழற்றிக் கொடுத்தார். அவளும் பழக்க தோஷத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாள். பாதி வழியில்தான் உறைத்தது, தான் போன காரியம் வேறு என்று.

ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் பெரிய ஊரில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். குளுகுளு அறை, கண்ணாடி மேசை. அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல கேஸ்தான். ஆனா நீங்க குடியிருக்கற ஊர் கோர்ட்டுலதான் போடணும். இங்க வாங்க மாட்டாங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் அங்க வந்து நிக்க முடியாது. உள்ளூர்லயே ஒரு வக்கீலைப் பிடிச்சுக்குங்க, அதான் சரி."

"உள்ளூர்ல யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கன்னுதானே சார் இங்க வந்தேன்."

"நல்லா விசாரிச்சுப் பாருங்க. கிடைப்பாங்க."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. முழுக்க நின்றுகொண்டே வந்தாள். மகள் போன் செய்தாள். "என்னம்மா ஆச்சு?" என்றதும், பஸ் என்றும் பாராமல், "என்ன ஆகும்? உங்கப்பா ஊருக்கே நல்லவர், எனக்கு மட்டும் வக்கீல் கிடையாது" என்று வெடித்தாள். பக்கத்தில் நின்றவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மகள் கேட்டாள். "எல்லாரையும் பார்த்துட்டியாம்மா?"

"ஒருத்தர்தான் பாக்கி. முள்ளு வக்கீல். அவர் வரப்புச் சண்டை மட்டும்தான் எடுப்பார்."

"அவரும் வக்கீல்தானேம்மா?"

முள்ளு வக்கீல் என்பது ஊர் வைத்த பெயர். அறுபது தாண்டியவர். தொட்டால் குத்துவார். நீதிபதி, எதிர் வக்கீல், டீக்கடைக்காரர், எல்லோரோடும் அவருக்கு ஒரு வழக்கு உண்டு. அவள் கையால் கண்ணாடி போடாத ஒரே வக்கீல் அவர்தான். ஏதோ ஒரு காலத்தில் முதலாளியோடு உத்தரவாதச் சீட்டு பற்றித் தகராறு செய்துவிட்டு, பெரிய ஊரில் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மாடியில், ஒற்றை அறை. நாற்காலிகளின் மேலெல்லாம் நில வரைபடங்கள் சுருண்டு கிடந்தன.

"புருஷன் பெண்டாட்டி கேஸ் நான் எடுக்கறதில்ல" என்றார் அவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "நிலத்துல வரப்பு எங்கன்னு அளந்து பார்க்கலாம். அதுல எங்கன்னு எவனுக்கும் தெரியாது."

"தெரியும்னு சொல்றவங்க யாரும் எடுக்கலை சார். அதான் தெரியாதவர்கிட்ட வந்திருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரிப் பதில் அவருக்குப் பிடிக்கும் போல. ஒரு வரைபடத்தைத் தள்ளிவிட்டு நாற்காலியைக் காட்டினார். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. முடித்ததும் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் என் மனுவை எத்தனை தடவை திருப்பியிருக்கார் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நானும் எண்ணுறதை விட்டுட்டேன். அதனால என் ஃபைலெல்லாம் ஏற்கெனவே அடியிலதான் இருக்கு. இதுக்கு மேல அடின்னு ஒண்ணு கிடையாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பேசாம இருந்தே ஒரு மனுஷியைக் கொல்றதும் கொடுமைதான். சட்டம் ஒத்துக்கும். ஆனா பேசலைங்கறதுக்கு என்ன ஆதாரம்? பேசினதுக்குச் சாட்சி இருக்கும். பேசாததுக்கு யார் சாட்சி? காகிதத்துல காட்டணுமே."

"காகிதம் இருக்கு சார்."

மறுநாள் பிரேம் டப்பாவைக் கொண்டுபோய் அவர் மேசையில் கவிழ்த்தாள். ஒன்பது வருடச் சீட்டுகள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். சைக்கிள் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "மகளுக்குக் காய்ச்சல். மருத்துவரிடம் காட்டவும்" என்ற சீட்டில் அவர் கை கொஞ்சம் நின்றது. "அப்ப அவர் எங்க இருந்தார்?"

"பக்கத்து ரூம்ல."

"ம்" என்றார். அதற்கு மேல் அவர் பரிவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக, தேதி போடாத சீட்டுகளை எல்லாம் எடுத்து அவள் பக்கம் தள்ளி, "ஏம்மா, வாங்கின அன்னைக்கே தேதி குறிச்சு வைக்கறதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தார். "எதிர்காலத்துல கேஸ் போடுவேன்னு எனக்குத் தெரியுமா சார்?" என்று அவளும் எரிந்து விழுந்தாள். அப்படித்தான் அவளுக்கு ஒரு வக்கீல் கிடைத்தார்.

கிடைத்துவிட்டதால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தால், அதுதான் இல்லை. மனுவை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும்? அவள் கணவரின் ஜன்னலில்தான்.

முதல் தடவை வக்கீலோடு அவளும் போனாள். ஃபைல்சார் மனுவை வாங்கினார். மேல் பக்கத்தில் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வச்சிட்டுப் போங்க சார், பார்க்கறேன்" என்றார் வக்கீலிடம். அவள் நின்ற இடத்தில் வெறும் காற்று இருப்பதுபோல் அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது.

ஒரு வாரத்தில் மனு திரும்பி வந்தது. "இடதுபக்க ஓரம் ஒரு விரற்கடை குறைவு. திருத்தித் தரவும்." மறுபடி தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அடுத்து, ஏழாம் பக்கத்தில் எண் பென்சிலால் இருக்கிறது என்று வந்தது. பிறகு, மனுதாரரின் விலாசத்தில் வீட்டு எண்ணின் உட்பிரிவு இல்லை என்று. அது அவரும் குடியிருக்கிற வீடு! அதற்கும் அடுத்து, "மனுதாரரின் பணி, கண்ணாடிக் கடை ஊழியர் என்பது தெளிவில்லை" என்று. ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம், மூன்று வாரம். கல்லில் நார் உரிக்கிற கதை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அதே மனிதர் அதே மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். பகலில் அவள் மனுவைத் திருப்பிய கை, மாலையில் அவள் வைத்த தட்டை இழுத்துக்கொள்ளும். ஒருநாள் பொறுக்காமல் அவர் முன்னால் நின்று, "என்னைப் பிடிக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே? எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

வக்கீலிடம் போய்க் கத்தினாள். "நீங்க ஊரோடல்லாம் சண்டை போடுவீங்கன்னுதானே வந்தேன்? இவர்கிட்ட மட்டும் பெட்டிப் பாம்பா அடங்கி, திருத்தித் திருத்திக் கொடுத்துக்கிட்டு இருக்கீங்க!"

"கத்தாதீங்க. இன்னொரு தடவை திருப்பட்டும்."

ஐந்தாவது தடவை திருப்பினார். இந்த முறை மனுவோடு இணைத்திருந்த சீட்டுகளைப் பற்றி எழுதியிருந்தார்: "இச்சீட்டுகளை எழுதியவர் யார் எனத் தெளிவாக்கப்படவில்லை." கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

முள்ளு வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான். "இதுக்குத்தாம்மா நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவரால எழுதாம இருக்க முடியாது."

அடுத்த நாள் காலை நேராக நீதிபதியின் முன் போய் நின்றார். நீதிபதி, அந்த ஊருக்கு வந்து மூன்று மாதமே ஆன ஓர் அம்மா. வக்கீல் அதிகம் பேசவில்லை. "எதிர்மனுதாரரே உட்கார்ந்து தனக்கு எதிரான மனுவைச் சரிபார்க்கிறார்" என்று சொல்லி, சீட்டுகளையும், மனுவைத் திருப்பிய ஐந்து குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குண்டு குண்டான அதே எழுத்து. அதே "திருத்தவும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஃபைல்சாரைக் கூப்பிட்டார்.

"இது யார் எழுதினது?"

அவர் பேசவில்லை.

"உங்களைத்தான் கேட்கறேன். இது உங்க எழுத்தா?"

"எழுத்து மூலமா பதில் தரேங்க அம்மா" என்றார் ஃபைல்சார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. பெரிய போர்டு வக்கீல்கூடக் கையால் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூடத்தின் கடைசி வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ, "ஐயோ பாவம் அந்தப் பொம்பளை" என்று சொன்னதைக் கேட்டாள். இத்தனை காலத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. அதைக் கேட்டபோது ஆறுதலைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு சின்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பாடா?

அன்றே வேறொரு கிளார்க் மனுவை வாங்கி எண் போட்டார். அந்த வாரமே ஃபைல்சார் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார். போகும்போது சாவியை மேசையில் வைத்திருந்தார். சீட்டு எதுவும் இல்லை. முதல்முறையாக அந்த மனிதருக்கும் பயம் வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

ஆனால் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. பெரிய போர்டு வக்கீலை வைத்து எதிர்த்தார். வாய்தா மேல் வாய்தா. எதிர் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, நீதிபதி விடுமுறை, மின்சாரம் இல்லை, தட்டச்சர் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய், மர பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்து, ஒரு தேதியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். முதலாளி ஒரு கட்டத்தில், "நீ கோர்ட்லயே ஒரு கிளைக்கடை போட்டுடு" என்றார். பதின்மூன்றாவது வாய்தாவில்தான் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள்.

பெரிய போர்டு வக்கீல் கேட்டார். "அவர் உங்களை அடிச்சதில்ல?"

"இல்லை."

"குடிச்சதில்ல. வீட்டுக்கு வேண்டியதைச் செய்யாம இருந்ததில்ல. சத்தம் போட்டுக்கூடப் பேசினதில்ல. அப்ப நல்ல புருஷன்தானே?"

"எங்க வீட்டு பீரோவும் அப்படித்தான் சார்" என்றாள். "அதுவும் அடிக்காது, குடிக்காது, சத்தம் போடாது. ஆனா அதைப் பீரோன்னு தெரிஞ்சு வச்சிருக்கோம். புருஷன்னு சொல்லி யாரும் கட்டி வைக்கலை."

"நீங்க அவர்கிட்ட பேச முயற்சி பண்ணீங்களா?"

"முதல் ரெண்டு வருஷம் தினமும். சுவர்கிட்ட பேசியிருந்தா எதிரொலியாவது வந்திருக்கும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கணவர் கூண்டில் ஏறியபோது எல்லாக் கேள்விக்கும் தன்மையாக, அழகாகப் பதில் சொன்னார். அவளைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. "அப்ப எதுக்குப் பேசலை?" என்று நீதிபதியே கேட்டபோது கூண்டின் கட்டையை விரலால் தேய்த்தார். "முதல்ல கோபம். அப்புறம், எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. அவள் தலை குனிந்தாள். ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே, எப்படி ஆரம்பிப்பது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் மட்டும் இவருக்குத் தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

மனு போட்டு ஒன்றே முக்கால் வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. விவாகரத்து கிடைத்தது. நகலை வாங்கிப் பிரித்தால், நாற்பத்தெட்டு என்றிருக்க வேண்டிய அவள் வயது எண்பத்து நான்கு. போதாக்குறைக்கு மூன்றாம் பக்கத்தில் "மனுதாரரான கணவர்" என்று தலைகீழாக அச்சாகியிருந்தது. முள்ளு வக்கீல் தாளை மேசையில் அடித்தார். "இதை வச்சுக்கிட்டு எங்க போனாலும் உங்களை உள்ள விட மாட்டான். திருத்த மனு போடணும்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

அவளுக்கு வாய் திறந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவும் செய்தாள். மாடிப்படி வழியாகச் சத்தம் கீழே போய், சைக்கிள் கடையில் காற்றடிப்பது நின்று, பிறகு தொடர்ந்தது. வக்கீல் அதுவரை காத்திருந்துவிட்டு, வக்காலத்துத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

திருத்திய நகல் வர இன்னும் மூன்று மாதம். வாங்கப் போன அன்று ஜன்னலில் புதிதாக வந்த பெண் கிளார்க் இருந்தாள். "இங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்கம்மா" என்றாள்.

"படிச்சிட்டுப் போடறேன்."

"பின்னால ஆளுங்க நிக்கறாங்கம்மா. வீட்டுல போய்ப் படிச்சுக்கலாமே?"

"இல்லம்மா. இங்கயே படிச்சிடறேன்."

ஒன்பது பக்கம். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். விலாசம், வீட்டு எண், உட்பிரிவு, வயது, பணி. பின்னால் வரிசை நீண்டது. "என்னம்மா இது, நூலகமா?" என்றார் ஒருவர். இன்னொருவர் உச்சுக் கொட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். கடைசிப் பக்கத்தின் முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கினாள்.